ஓரகத்தியும் நானும் கொடுத்த மனு

என் கணவருக்கும் அவர் தம்பிக்கும் சண்டை வந்த அன்று, நானும் என் ஓரகத்தியும் ஷெட்டுக்குள் எதிரெதிரே உட்கார்ந்து கொலு பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தோம். கண் எழுதும்போது மூச்சைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும். கை ஆடினால் பொம்மை முறைக்க ஆரம்பித்துவிடும். அதனால் சூளைப் பக்கம் டிக், டிக் என்று சின்னதாகச் சத்தம் வந்தபோது நாங்கள் உடனே தலையைத் தூக்கவில்லை. அவள்தான் முதலில் தூரிகையைக் கீழே வைத்தாள்.

"அக்கா, உள்ள ஏதோ வெடிக்குது."

விருத்தாசலத்தில் செராமிக் பேட்டைக்குள் எங்களுக்கு ஒரு ஷெட் இருக்கிறது. மாமனார் காலத்தில் வந்தது. இப்போது அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருக்கிறது. கரண்டு பெட்டிக்குள் வெள்ளையாக மாட்டியிருக்குமே, அந்தப் பீங்கான் ஃப்யூஸ் கட்டைகள்தான் எங்கள் பிழைப்பு. மண்ணும் சூளையும் என் கணவர் பொறுப்பு. ஆர்டர் பிடிப்பது, சரக்கை ஏற்றி அனுப்புவது, போன் பேசுவதெல்லாம் கொழுந்தனார் பொறுப்பு. கொலு பொம்மை அவர் கொண்டுவந்த யோசனைதான். நன்றாகவே ஓடியது. அதற்கு வர்ணம் தீட்டுவது நானும் ஓரகத்தியும். கூட நாலைந்து பெண்கள் வேலைக்கு வருவார்கள்.

அன்று பாண்டிச்சேரியிலிருந்து வர்ணம் பூசாத வெள்ளைப் பொம்மைகளை ஏற்ற வேன் வந்து வாசலில் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் அவசரப்படுத்தினார். சூளை ஆறுவதற்கு இன்னும் ஒரு நாள் பாக்கி. என் கணவர் கரண்டு பில் கட்டப் போயிருந்தார். கொழுந்தனார் ஒரு பக்கமாக மட்டும் திறந்து பார்ப்போம் என்று கதவைத் திறந்துவிட்டார். சூடாக இருக்கும் பீங்கானில் வெளிக்காற்று பட்டால் விரிசல் விடும். நாங்கள் கேட்டது அந்தச் சத்தம்தான். பொம்மைகளோடு, கீழ் அடுக்கில் இருந்த ஃப்யூஸ் கட்டைகளும் போயின.

என் கணவர் திரும்பி வந்தபோது தம்பி சூளை வாயில் நின்றுகொண்டிருந்தார். முகம் சிவந்து, புருவம் ஒரு பக்கம் கருகியிருந்தது. வேலைக்காரப் பெண்கள், வேன் டிரைவர், பக்கத்து ஷெட்டுக்காரர் என்று ஒரு கூட்டமே இருந்தது. என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. அன்றும் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்.

"ஒனக்குச் சோறு போட்டு வளத்ததே தப்புடா."

கொழுந்தனார் தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டுவிட்டு வெளியே போனார்.

அதற்குப் பிறகு நடந்தவை வரிசையாக நடந்தன. அவர் அண்ணனோடு பேசுவதை நிறுத்தினார். ஷெட்டுக்கு வருவதை நிறுத்தினார். கடைசியில் பாகம் பிரித்துத் தரச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். ஒரே வூட்டில் நாங்கள் கீழே, அவர்கள் மாடியில். மாடியிலிருந்து இறங்கி வந்து சொல்லியிருக்க வேண்டியதை, போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனார். என் கணவரும் ஒரு வக்கீலைப் பிடித்துப் பதில் நோட்டீஸ் கொடுத்தார். அதே வாரம் ஷெட்டுக் கதவில் தன் பூட்டைப் போட்டார். மறுநாள் கொழுந்தனார் போய் அதன் பக்கத்திலேயே தன் பூட்டைத் தொங்கவிட்டு வந்தார். ஒருவர் இல்லாமல் இன்னொருவர் திறக்க முடியாது. வேலைக்கு வந்த பெண்கள் கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

பெண்டாட்டிகளும் பேசக் கூடாது என்று இருவருமே அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் தம்பிக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

என் ஓரகத்தி மங்களூர்ப் பக்கத்துப் பெண், கர்நாடகத்து மங்களூர் இல்லை, எங்கள் திட்டக்குடிப் பக்கத்து மங்களூர். கல்யாணமாகி வந்த புதிதில் மண்வேலை எதுவும் தெரியாது, சோளமும் கம்பும்தான் தெரியும். வாய் நிறையப் பேசுவாள். உப்புப் பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினால்கூட அதற்கும் ஒரு கதை சொல்லிவிட்டுத்தான் ருசி பார்ப்பாள். எனக்கு அக்கா தங்கை கிடையாது. அவள் வந்த பிறகு அந்தக் குறை எனக்குத் தோன்றியதே இல்லை. அப்படிப்பட்டவளோடு மாடிப்படியில் எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றால் எப்படி? மூன்று நாள் திருப்பிப் பார்த்தோம். நாலாம் நாள் அவள் சிரித்துவிட்டாள்.

அப்போதுதான் மண்ணைப் பற்றிச் சொன்னாள். ஷெட்டுக்குள் பிசைந்து வைத்த மண் ஈரச்சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. தண்ணீர் தெளிக்காவிட்டால் காய்ந்து பாறையாகிவிடும். "அவங்க ரோஷத்துக்கு மண்ணு என்னாக்கா பண்ணும்?" என்றாள். மறுநாள் சந்தைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நான் என் கணவரின் சாவியை எடுத்துக்கொண்டேன். அவள் அவள் கணவருடையதை எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பூட்டையும் திறந்தோம். சாக்குகளை நனைத்தோம். பொம்மைகள் மேல் படிந்திருந்த தூசியைத் தட்டினோம். பிறகு தரையில் உட்கார்ந்து, கொண்டுபோயிருந்த வேர்க்கடலையைத் தின்றுகொண்டு நெடுநேரம் பேசினோம். அதற்குப் பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தரம் சந்தைக்குப் போக ஆரம்பித்தோம். எங்கள் இரண்டு வூட்டிலும் காய்கறி ஏன் குறைவாகவே வருகிறது என்று யாரும் கேட்கவில்லை.

எப்படியாவது இவர்களைப் பேசவைக்க வேண்டும் என்ற யோசனை அந்த ஷெட்டுக்குள்தான் பிறந்தது. கோர்ட்டுக்குப் போனால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். எங்கள் தெருவிலேயே ஒரு பாக வழக்கு, போட்டவர் போய்ச் சேர்ந்து, அவர் பிள்ளைகள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். வக்கீல் பீஸ், ஸ்டாம்பு, கோர்ட்டு கமிஷனர் வந்து அளக்கிற செலவு என்று அந்த வூட்டுக்காரம்மா புலம்பியதை நான் சொல்லச் சொல்ல, ஓரகத்தி கையிலிருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டாள்.

முதலில் சொந்தக்காரர்களை வைத்துப் பேசிப் பார்ப்போம் என்று முடிவு செய்தோம். அதற்குக் காசு ஆகாது என்பது எங்கள் எண்ணம். கருவேப்பிலங்குறிச்சியில் இவர்களுடைய தாய்மாமன் இருக்கிறார். ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவர். ஆளுக்கொரு பக்கமாக அவருக்குப் போன் செய்தோம். மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வைத்துக்கொண்டு, பேச்சுத் துணைக்கு ஐந்து பேரோடு வந்து இறங்கினார். கார் வாடகை எங்கள் தலையில். வந்தவர்களுக்குக் கறிச்சோறு. சாப்பிட்டுக் கை கழுவி வெற்றிலை போட்டதும், இன்று நாள் சரியில்லை, அடுத்த வாரம் பேசலாம் என்றார். அடுத்த வாரமும் கார் வந்தது. அந்த வாரம் ஆட்டுக்கறியில் எலும்பு அதிகம் என்று துணைக்கு வந்தவர்களில் ஒருவர் குறைப்பட்டுக்கொண்டார். மூன்றாவது தரம் ஒருவழியாகப் பேச்சு தொடங்கியது. மாமன் எடுத்த எடுப்பில் தம்பி அண்ணன் காலில் விழ வேண்டும் என்றார். கொழுந்தனார் எழுந்து மாடிக்குப் போய்விட்டார். மாமன் என்னிடம், தான் எவ்வளவோ பாடுபட்டதாகவும், தம்பிக்காரனுக்குத் தலைக்கனம் என்றும் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

அந்த வாரம் ஷெட்டில் உட்கார்ந்து ஓரகத்தி சொன்னாள்: "ஓசியில பேசறோம்னு வந்தவங்களுக்கே இவ்ளோன்னா, காசு வாங்கறவங்க பரவால்ல போலருக்குதுக்கா."

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மகள், இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றாள். கோர்ட்டுக்குப் போகாமல் இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசிச் சமரசம் செய்வது அவர்கள் தொழிலாம். நேரில் போக வேண்டாம், போனிலேயே முகம் பார்த்துப் பேசலாம். ஒருவரைத் தேடிப் பிடித்து நேரம் வாங்கிக் கொடுத்தாள். நாங்கள் இருவரும் ஷெட்டுக்குள் போனைப் பொம்மைகள் நடுவில் சாய்த்துவைத்து, தலையைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தோம். திரையில் வந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகக் கேட்டார். எங்கள் பின்னால் வரிசையாக நின்ற பொம்மைகளைப் பார்த்துச் சிரித்தார். அவர் சொன்ன கட்டணம் மணிக்கணக்கு. இரண்டு தரப்பும் ஆளுக்குப் பாதி போட்டுக்கொள்ளலாம், சாதாரணமாக ஐந்தாறு அமர்வு ஆகும் என்றார்.

போனை வைத்ததும் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வூட்டு ஆண்கள் இருவரும் தொண்டையைச் செருமி முடிப்பதற்கே முதல் ஒரு மணி நேரம் போய்விடும். என் கணவர் "ம்" சொல்வதற்கு இன்னொரு மணி நேரம். சூளை ஓடாத மாதங்களில் அதற்கெல்லாம் எங்கே போவது? அந்த மனிதர்மேல் தப்பில்லை, அவர் படித்த படிப்புக்கு அவர் கேட்கிறார். ஆனால் எங்களுக்கு அது கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அன்றைக்குச் சாக்கை நனைத்துவிட்டு, கடலைப் பொட்டலத்தைப் பிரிக்காமலே கிளம்பினோம்.

வழி கிடைத்தது ஓரகத்தியால். கொழுந்தனார் கேஸ் போடுவதற்கான காகிதங்களைக் கொடுக்கத் தன் வக்கீலிடம் போகும்போது அவளையும் கூட்டிப் போயிருக்கிறார். வக்கீல் கோர்ட்டுக்குள் இருந்தார். நெடுநேரம் காத்திருந்ததில் அவளுக்குப் பாத்ரூம் போக வேண்டியிருந்தது. கோர்ட்டு வளாகத்துக்குள் தேடிக்கொண்டு போனவள் தவறான கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரில் சமரசம் என்று எழுதிய பலகை. மேசைக்குப் பின்னால் இருந்த அலுவலக அம்மா என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். இவள் பாத்ரூமை மறந்துவிட்டு, "இங்க எவ்ளோ வாங்குவீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

எதுவும் வாங்குவதில்லை என்றாராம். இவள் நம்பவில்லை. அப்போ காபி, சாப்பாடு, கார் வாடகை என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மா சிரித்துவிட்டு விளக்கியிருக்கிறார். சட்டப் பணிகள் குழு என்று இருக்கிறது, கேஸ் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனு கொடுக்கலாம், எதிர்த் தரப்பைக் கூப்பிட்டுவிடுவார்கள், இதற்கென்று பயிற்சி பெற்ற வக்கீல் ஒருவரை வைத்துப் பேசவைப்பார்கள், ஒத்துவந்தால் எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள், அது கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரியே செல்லும். ஒத்துவராவிட்டால் அவரவர் வழியில் போகலாம், யாரையும் கட்டாயப்படுத்த மாட்டார்கள்.

இதையெல்லாம் அவள் ஷெட்டில் வந்து சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆனால் மனு யார் கொடுப்பது? என் கணவர் கொடுத்தால் அவர் இறங்கி வந்ததாக ஆகிவிடும். தம்பி கொடுத்தால் அவருக்கும் அப்படியே. இரண்டு பேருமே கொடுக்க மாட்டார்கள். ஓரகத்தி ஒரு பொம்மையை எடுத்து அதன் தலையைத் துடைத்தாள்.

"நாம குடுப்போம்க்கா."

"யார் மேல?"

"ரெண்டு பேரு மேலயும்தான்."

மறுநாளே போனோம். அந்த அலுவலக அம்மா முதலில் குழம்பிப்போனார். நீங்கள் இருவரும் எதிர்த் தரப்பு இல்லையா என்று கேட்டார். இல்லை, நாங்கள் ஒரே தரப்பு, எங்கள் வூட்டுக்காரர்கள் இருவரும் எதிர்த் தரப்பு என்று ஓரகத்தி சொன்னாள். ஷெட்டில் உழைக்கிறோம், அது மூடிக் கிடப்பதால் எங்களுக்கும் கூட வேலை பார்க்கும் பெண்களுக்கும் பிழைப்புப் போகிறது, அவர்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசவைக்க வேண்டும் என்று நான் சொன்னேன். அவர் உள்ளே போய்ப் பெரியவர்களைக் கேட்டுவிட்டு வந்து, எழுதிக் கொடுங்கள் என்றார். வெள்ளைத் தாளில் நான் எழுதினேன். மனுதாரர்கள் என்ற இடத்தில் நாங்கள் இருவரும், எதிர்மனுதாரர்கள் என்ற இடத்தில் அண்ணனும் தம்பியும். கையெழுத்துப் போடும்போது அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள், பொம்மைக்குக் கண் எழுதுவதுபோல.

நோட்டீஸ் ஒரு காலை நேரத்தில் வந்தது. போஸ்ட்மேன் அண்ணன் தம்பி இருவரையும் வாசல் கேட்டருகே கூப்பிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். ஓரகத்தி அப்போது என் சமையலறைக்குள் இருந்தாள். தயிருக்கு உறை வாங்க வந்தவள், கேட்டில் போஸ்ட்மேனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். இருவரும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். என் கணவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். நாலடி தள்ளி நின்று கொழுந்தனாரும் படித்தார்.

"ஒனக்கும் வந்துருக்குதா?" என்று என் கணவர் கேட்டார். தம்பியிடம் அவர் பேசி நாலைந்து மாதம் ஆகியிருந்தது.

"வந்துருக்குது. ரெண்டு பேரும் சேந்து நம்ம மேலயே குடுத்துருக்காங்கண்ணே."

நம்ம மேலயே. ஓரகத்தி என் கையை இறுக்கிப் பிடித்தாள். வளையல் அழுந்தி எனக்கு வலித்தது. நான் கையை எடுக்கவில்லை.

அன்று முழுக்க எங்களுக்குத் திட்டு விழுந்தது. எனக்குக் கீழே, அவளுக்கு மேலே. ஆனால் சாயங்காலம் அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று, இதற்குப் போக வேண்டுமா, போகாவிட்டால் என்ன செய்வார்கள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சு முழுக்க எங்கள் மேல் இருந்த கோபம்தான். இருந்தாலும் பேச்சு.

கூப்பிட்ட நாளில் நாங்கள் ஆட்டோவில் போனோம். அவர்கள் அவரவர் வண்டியில் வந்தார்கள். எங்களைப் பேசவைக்க நியமித்திருந்தவர் ஒரு பெண் வக்கீல். ஐம்பது வயதிருக்கும். அன்று அவருக்குக் கடுமையான ஜலதோஷம். கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டு, பிளாஸ்கிலிருந்து வெந்நீரைக் குடித்தபடியே பேசினார். மனுதாரர்கள் இந்தப் பக்கம், எதிர்த் தரப்பு அந்தப் பக்கம் என்று உட்காரச் சொன்னார். அந்தப் பக்கம் இருந்தது ஒரே ஒரு பெஞ்சு. அண்ணன் ஒரு நுனியில் உட்கார்ந்தார், தம்பி மறு நுனியில்.

இங்கே பேசுவது இந்த அறையை விட்டு வெளியே போகாது, கோர்ட்டுக்கும் போகாது, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேச வேண்டாம், அவ்வளவுதான் விதி என்றார் வக்கீலம்மா. யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டார். தொண்டையைச் செருமுகிற சத்தம் இரண்டு நுனியிலிருந்தும் வந்தது. ஓரகத்தி என்னை இடித்தாள். இது மணிக்கணக்குக் கட்டணமாக இருந்திருந்தால் என்று எங்கள் இருவருக்குமே அந்த நேரத்தில் தோன்றியிருக்க வேண்டும். சிரிப்பை மறைக்க இருவருமே குனிந்துகொண்டோம்.

கொழுந்தனார்தான் ஆரம்பித்தார். சரக்குப் போனது தன் தவறுதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நஷ்டத்தைத் தன் பங்கில் கழித்துக்கொள்ளட்டும் என்றார்.

"சோறு போட்டு வளத்தேன்னு எல்லாரு முன்னாடியும் சொன்னாரு. நான் என்ன அவுரு வூட்ல ஒக்காந்தா தின்னேன்? பஸ்ஸு பஸ்ஸா ஏறி எறங்கி ஆர்டர் புடிச்சாந்தேன். அந்தப் பொம்பளைங்க மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

என் கணவருக்குக் குறுக்கே பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அவர் முறை வந்தபோதும் பேசவில்லை. வக்கீலம்மா அவசரப்படுத்தவில்லை. வெந்நீரை ஊற்றிக் குடித்தார். கடைசியில் என் கணவர், சூளையைப் பற்றித் தெரியாதவன் சூளையில் கை வைக்கக் கூடாது என்று மட்டும் சொன்னார். அதோடு அன்றைய பேச்சு முடிந்தது. அடுத்த வாரம் வரச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் என் கணவர் வரவில்லை. காலையிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு அழுகையாக வந்தது. கொழுந்தனார் வெளியே போய் எனக்கும் அவளுக்கும் டீ வாங்கி வந்து கொடுத்தார். வக்கீலம்மா என் கணவருக்குப் போன் போட்டார். திட்டவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டார், எந்த நாள் தோதுப்படும் என்று கேட்டார். என் கணவரை அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு. அவர் ஒரு நாளைச் சொன்னார்.

அந்த நாளில் வந்தார். சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும், யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். தம்பியைப் பார்க்கவில்லை, வக்கீலம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் வர்றப்ப கதவத் தொறந்துட்டு அதுக்கு நேரா நிக்கறான். புருவம் கருகிப் போயிருக்குது. அனலு இன்னும் கொஞ்சம் மூஞ்சில அடிச்சிருந்தா கண்ணு போயிருக்கும். எனக்கு என்னா பேசறதுன்னே தெரில. வாயில வந்தத சொல்லிட்டேன்."

"அத அன்னைக்கே கேட்டுருக்கலாம் இல்ல?" என்றார் கொழுந்தனார். குறுக்கே பேசியதற்கு வக்கீலம்மா ஒன்றும் சொல்லவில்லை.

"கேக்கறதுக்குள்ள நீ போயிட்ட."

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்ததாக நான் சொன்னால் அது பொய். இன்னும் இரண்டு தரம் போக வேண்டியிருந்தது. கொழுந்தனார் பாகம் வேண்டும் என்பதை விடவே இல்லை. அண்ணனுக்குக் கீழே வேலை பார்ப்பதாக இனி யாரும் நினைக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். என் கணவருக்கு அது வருத்தம்தான். ஆனால் சூளையை வெட்டிப் பாதி பாதியாக எடுத்துக்கொள்ள முடியாது. முடிவில் பொம்மை வேலை தம்பியுடையது, ஃப்யூஸ் கட்டை அண்ணனுடையது, லாபமும் நஷ்டமும் தனித்தனி, சூளை மட்டும் பொது, அதை ஏற்றுவதும் திறப்பதும் அண்ணன் சொல்கிறபடி என்று ஒத்துக்கொண்டார்கள். பழைய நஷ்டத்தைக் கழிக்க வேண்டாம் என்று என் கணவர் சொன்னார். வேண்டும் என்று தம்பி சொன்னார். அதற்கே அரை நாள் போனது.

எழுதப்போகிற நேரத்தில் வக்கீலம்மா எங்கள் பக்கம் திரும்பினார். மனு கொடுத்தது நீங்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். நாங்கள் அதை யோசித்திருக்கவே இல்லை. இவர்கள் பேசினால் போதும் என்றுதான் வந்தோம். நான் ஒன்றும் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஓரகத்தி முந்திக்கொண்டாள்.

"எங்களக் கேக்காம ஷெட்ட பூட்டக் கூடாதுன்னு எழுதுங்கம்மா. எங்க ரெண்டு பேரையும் கேக்கணும். அந்தப் பொம்பளைங்க சேதி தெரியாம வந்து வாசல்ல நின்னுட்டுப் போனாங்க. எனக்கு அத நெனச்சா இன்னும் தூக்கம் வரல."

அவள் சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. இத்தனை நாள் ஷெட்டுக்குள் கடலை தின்றுகொண்டு அவ்வளவு பேசியிருக்கிறோம், இதை அவள் சொன்னதில்லை. பெஞ்சின் நுனியிலிருந்து என் கணவர், "எழுதுங்க" என்றார். தம்பியும் தலையாட்டினார். இனி பொம்மைக்கு வர்ணம் தீட்டுவதற்கு எனக்குத் தனியாகக் கூலி உண்டு என்றும் அதில் சேர்த்தார்கள். பொம்மை தம்பியுடையது ஆகிவிட்டதே. அண்ணிக்குக் கூலி கொடுப்பதா என்று கொழுந்தனார் சங்கடப்பட்டார். நான் சங்கடப்படவில்லை.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. அத்தனை நாளுக்கும் எங்களுக்கு ஆன செலவு ஆட்டோவும் டீயும்தான். என் கணவரின் வக்கீலிடம் போய் விஷயத்தைச் சொன்னோம். முகம் கொஞ்சம் வாடியது, இருந்தாலும் நல்லதுதான் என்று கை குலுக்கினார். தாய்மாமனுக்கு நாங்கள் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு, தான் போட்ட பிள்ளையார் சுழிதான் இது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சொல்லட்டும்.

வக்கீலம்மாவுக்கு எங்கள் சூளையிலேயே சுட்ட ஒரு டீ கப் செட் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டார். ஒரே ஒரு கப்பாவது என்று ஓரகத்தி கெஞ்சிப் பார்த்தாள். அந்தக் கப்பைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சண்டை அதோடு நின்றுவிடவில்லை. போன மாதம்கூட யானைப் பொம்மைக்கு எத்தனை பெரிய தும்பிக்கை வைப்பது, சூளையில் அது எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்று இருவரும் சத்தம் போட்டார்கள். வேலை செய்யும் பெண்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சத்தம் போட்டு முடித்துவிட்டு இருவரும் சேர்ந்து சூளையில் அடுக்க ஆரம்பித்தார்கள். கொழுந்தனாரின் புருவம் திரும்ப வளர்ந்துவிட்டது, ஒரு பக்கம் மட்டும் சற்று மெலிதாக.

எங்களிடம் இப்போது ஆட்கள் வந்து கேட்கிறார்கள். பக்கத்துத் தெரு வாய்க்கால் தகராறுக்கு நாங்கள்தான் வழி காட்டினோம். அது ஒத்துவரவில்லை, இப்போது கோர்ட்டில் இருக்கிறது. எல்லாருக்கும் ஒத்துவரும் என்று நாங்கள் சொல்வதில்லை. போய்ப் பாருங்கள், உட்கார்ந்து பேசிப் பார்ப்பதற்குக் காசு கேட்க மாட்டார்கள் என்று மட்டும் சொல்கிறோம்.

போன வாரம் ஓரகத்தியின் சித்தி மகள் திட்டக்குடியிலிருந்து போன் செய்தாள். நாத்தனாரோடு ஏதோ வீட்டுத் தகராறு. காசு வாங்க மாட்டார்கள் என்பதை அவளும் நம்பவில்லை. ஓரகத்தி போனில் எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டு, சரி, நாங்களே கூட வருகிறோம் என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் இரண்டு பேரும் பஸ்ஸில் கிளம்பினோம். போகிற வழியெல்லாம், அந்தச் சித்தி மகள் கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தாள். பாதிக் கதையில் பேச்சு நின்றது. திரும்பிப் பார்த்தேன். என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தாள், வாய் லேசாகத் திறந்திருந்தது. மடியிலிருந்து பை நழுவியது. அதை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். கண்டக்டர் டிக்கெட் கேட்டு வந்தபோது, அவளை எழுப்ப வேண்டாம் என்று கை காட்டிவிட்டு, இரண்டு டிக்கெட்டும் நானே வாங்கினேன்.